எந்த இடம், எந்தச் சாம்பல்?

"பஞ்ச் இல்ல தம்பி."

பத்திரிகை வேலையில் சேர்ந்த புதிதில், என் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்து மூத்தவர் சொன்னது இவ்வளவுதான். சுண்ணாம்பு அடித்த திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் படம். வீட்டுக்குப் போய் கான்ட்ராஸ்டை ஏற்றினேன். மறுநாள், "இப்ப ஓவரா இருக்கு." இறக்கினேன். மூன்றாம் நாள், "முதல்ல இருந்ததே தேவலை." நான்காம் நாள் பக்க வடிவமைப்பாளர் டீ கிளாசோடு வந்து நின்று, திரையில் விரலை வைத்தார். "பாட்டி தலைமுடியும் பின்னாடி சுவரும் ஒரே வெள்ளை. தலை எங்க முடியுதுன்னே தெரியல." சுவரை மட்டும் அரை ஸ்டாப் இறக்கினேன். ஐந்து நிமிட வேலை. படம் அச்சேறியது.

மூத்தவர் சொன்னது பொய்யில்லை. ஏதோ குறைகிறது என்பதை அவர் கண் சரியாகவே பிடித்துவிட்டது. பிடித்த இடத்தை அவர் வாய் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் எனக்கு மூன்று நாள் போயிற்று.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றிய கருத்து வேலைக்கு ஆக வேண்டுமென்றால் அதில் இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும்: படத்தில் எந்த இடம், அந்த இடம் எந்தச் சாம்பலாக இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நியூயார்க்கில் மேக்னம் புகைப்பட நிறுவனத்தின் இருட்டறையில் நெடுங்காலம் பிரிண்ட் போட்டவர் பாப்லோ இனிரியோ. 1955-ல் டைம்ஸ் சதுக்கத்து மழையில் நடிகர் ஜேம்ஸ் டீன் நடந்து வருவதை டென்னிஸ் ஸ்டாக் எடுத்தாரே, அந்தப் படத்தின் சோதனைப் பிரிண்ட் மேல் இனிரியோ போட்டுவைத்த குறிப்புகளைத் தேடிப் பாருங்கள். படம் முழுக்க வட்டமும் வளைவுமாகக் கோடுகள், கோடுகளுக்குள் எண்கள். இந்த இடத்துக்கு இத்தனை விநாடி வெளிச்சம் கூட்டு, இந்த இடத்துக்கு இத்தனை விநாடி குறை என்று பொருள். (இருட்டறையில் வெளிச்சம் கூடினால் தாள் கறுக்கும். டிஜிட்டலில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.) அந்தத் தாளில் 'பஞ்ச்' என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. அந்தப் படத்தை இதுவரை பார்த்திராத ஒரு பிரிண்டர்கூட அதைப் பார்த்து வேலையை ஆரம்பித்துவிடலாம். நாம் சொல்லும் கருத்தும் அப்படி இருந்தால் போதும்.

குங்குமம் எங்கே போச்சு?

வண்ணப் படத்தில் நிறமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வாழைத்தோப்பின் முன்னால் சிவப்புப் புடவை கட்டிய பெண் நின்றால் கண் தானாகப் புடவைக்குப் போகும். அதையே கறுப்பு வெள்ளையாக்கினால் அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்ளலாம். எடுத்தவருக்கு அது தெரியாது, ஏனென்றால் அவர் மனதில் புடவை இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. கருத்துச் சொல்பவரின் முதல் பயனே இதுதான்: அந்தச் சிவப்பைப் பார்த்திராத கண் அவருடையது.

நம் ஊர்ப் படங்களில் இதற்கு நல்ல சோதனை நெற்றிக் குங்குமம். கணினியில் நிறமாற்றம் செய்யும்போது தோல் பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்பையும் ஆரஞ்சையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்கள். தோல் வெளுக்கும், கூடவே பொட்டும் வெளுத்து நெற்றியோடு கலந்துவிடும். சிவப்பை மட்டும் இறக்கி, ஆரஞ்சை இருந்த இடத்தில் விட்டால் பொட்டு கறுத்து எழும். உதடும் சேர்ந்து கறுக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "முகம் என்னமோ மாதிரி இருக்கு" என்பதற்கும் "பொட்டு காணாம போச்சு, ரெட் ஸ்லைடரை எவ்வளவு தூக்கியிருக்கீங்க?" என்பதற்கும் உள்ள தூரம் ஒரு நாள் சம்பளம்.

இது கணினி வந்தபின் முளைத்த சங்கதி இல்லை. 1927 ஏப்ரலில் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் 'ஹாஃப் டோம்' பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் தான் மனதில் பார்த்த அளவுக்குக் கறுக்காது என்று தோன்ற, கையில் மிச்சமிருந்த பிளேட்டில் அடர்சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பானது. அவர் பெயரை நிலைநாட்டிய படம் அது. தனக்குத் தானே அவர் சொல்லிக்கொண்ட கருத்தும் இடத்தோடும் சாம்பலோடும்தான் வந்தது: வானம், இன்னும் கறுப்பு.

அதே ஆடம்ஸ் பின்னாளில், 1940 வாக்கில், ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து 'ஸோன்' முறையை வகுத்தார். முழுக்கறுப்புக்கு 0, தாளின் வெள்ளைக்கு 10, இடையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம். நட்டநடு 5, அதுதான் கடையில் விற்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டை. முறையை முழுசாகப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, எண்களையாவது உங்கள் அலுவலகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். "வேட்டி 9-க்குப் போயிருச்சு, 8-ல நிறுத்தினா மடிப்பு தெரியும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விடலாம். சண்டைக்கு இடமில்லை.

எதற்கு எடுத்த படம்?

வாயைத் திறக்குமுன் இதைக் கேளுங்கள். நியூஸ்பிரிண்டில் மை பரவும். திரையில் அழகாகத் தெரியும் அடர்நிழல் காலையில் பேப்பரில் கரிக்கட்டையாக வந்து நிற்கும். அதற்குப் போகும் படத்தில் நிழலைத் தூக்கச் சொல்வது நியாயம். அதே படம் காட்சிக்கூடச் சுவருக்குப் போகிறதென்றால் அதே அறிவுரை படத்தைக் கெடுக்கும். இருட்டறைப் பிரிண்ட் என்றால் ஈரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஃபைபர் தாள் காய்ந்தபின் ஒரு சாயல் கறுக்கும்.

போட்டிக்கு என்றால் விதியைப் பாருங்கள். சர்வதேசப் புகைப்பட அமைப்பான ஃபியாப்பின் விதிப்படி, படம் முழுக்க ஒரே சாயம் ஏற்றினால் அது கறுப்பு வெள்ளைப் பிரிவிலேயே இருக்கும். ஒரு ரோஜாவை மட்டும் சிவப்பாக விட்டால் வண்ணப் பிரிவுக்குப் போய்விடும். செய்திப்படம் என்றால் இன்னும் கறார். 2010-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் கீவ் நகரத் தெருச்சண்டை பற்றிய தொடர் ஒன்று பரிசு பெற்று, பிறகு அதை இழந்தது. படத்தைக் கணிசமாக வெட்டியதோ கறுப்பு வெள்ளையாக்கியதோ காரணமில்லை, பின்னணியில் எட்டிப்பார்த்த ஒருவரின் பாத நுனியை அழித்ததுதான். ஆகவே "அந்த மூலையை அப்படியே கறுப்புல முக்கிடு" என்று ஒரு செய்திப் புகைப்படக்காரரிடம் விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். அது அழகியல் யோசனை இல்லை, அவர் வேலைக்கு வைக்கும் வேட்டு.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு டோன் பற்றிக் கருத்துச் சொல்லவே சொல்லாதீர்கள். அமுக்கி அனுப்பிய கோப்பு, இரவு நேர மஞ்சள் திரை, பஸ்ஸில் வெயில். 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லி, மேசைக்கு வந்து பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதும் கருத்தில் சேராது.

சொல்லும்போது

பார்த்ததை முதலில் சொல்லுங்கள், தீர்ப்பைப் பிறகு. "என் கண் முதல்ல ஜன்னலுக்குப் போச்சு, அப்புறம்தான் குழந்தைக்கு வந்துச்சு." இதில் குற்றச்சாட்டு இல்லை, ஒரு தகவல்தான் இருக்கிறது. எடுத்தவர் "ஐயோ, குழந்தைதான் முக்கியம்" என்றால் இருவரும் ஒரே பக்கம் வந்துவிட்டீர்கள், ஜன்னலை இறக்கும் வேலைதான் பாக்கி. "ஆமா, ஜன்னல்தான் வேணும்" என்றால் உங்கள் வாயில் வரவிருந்த அறிவுரை மிச்சம். கண் எங்கே போகிறது என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் பிறர் படங்களை அப்படித்தான் பார்ப்பாராம். முகமும் கதையும் மறைந்து, கறுப்பும் வெள்ளையும் எங்கெங்கே கனக்கின்றன என்பது மட்டும் தெரியும்.

கவனிப்பையும் ரசனையையும் ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராபர்ட் ஃபிராங்கின் கதை போதும். 1955-ல் குகன்ஹைம் உதவித்தொகை பெற்று அமெரிக்காவைச் சுற்றியவர், ஏறக்குறைய 27,000 ஃபிரேம்களிலிருந்து 83-ஐ மட்டும் பொறுக்கி 'தி அமெரிக்கன்ஸ்' நூலாக்கினார். 1958-ல் பாரிசில், 1959-ல் அமெரிக்காவில். 'பாப்புலர் போட்டோகிராஃபி' பத்திரிகையில் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்: கலங்கல், கிரெய்ன், கோணல் தொடுவானம். அத்தனையும் உண்மையில் அந்தப் படங்களில் இருந்தன. கவனிப்பு நூற்றுக்கு நூறு சரி, தீர்ப்பு தவறு. தொடுவானம் சாய்ந்திருக்கிறது என்பதோடு நிறுத்தி, "வேணும்னா சாய்ச்சீங்க?" என்று கேட்டிருந்தால் அவர்களுக்கு ஒரு நல்ல கட்டுரை கிடைத்திருக்கும். இன்று அந்த நூலைக் கரைத்துக் குடிக்காத புகைப்பட மாணவர் அரிது.

அவர்களாவது காகிதத்தில் கிழித்தார்கள். 1930களில் அமெரிக்க அரசின் கிராமப்புறப் புகைப்படத் திட்டத்தை நடத்திய ராய் ஸ்டிரைக்கர், தனக்குப் பிடிக்காத நெகடிவ்களில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டார். டோரதியா லாங்கையும் வாக்கர் எவன்சையும் வேலைக்கு வைத்த மனிதர், ஒளிப்படக்காரர்களுக்கு எதையெதை எடுக்க வேண்டும் என்று விரிவான பட்டியல் எழுதி அனுப்பிய பொறுமைசாலி. ஆனாலும் அந்தக் கறுப்பு ஓட்டைகள் இன்றும் ஆவணக்காப்பகத்தில் படங்களின் நடுவே கிரகணம்போலத் தொங்குகின்றன. நிராகரிப்பது ஆசிரியரின் உரிமை, யாரும் மறுக்கவில்லை. நிராகரித்ததை மீட்க முடியாதபடி செய்யக் கூடாது, அவ்வளவே. இன்றைய அலுவலகத்தில் ஓட்டைக்குச் சமம், எல்லார் முன்னாலும் திரையில் போட்டு "இதெல்லாம் ஒரு படமா" என்பது. குறையைத் தனியாகச் சொல்லுங்கள், நிறையைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

பாராட்டும் இடத்தோடு வரட்டும். "நல்லா இருக்கு, ஆனா..." என்று ஆரம்பித்தால் நம் ஆட்கள் 'ஆனா'வுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சொன்னதைக் காற்றில் விட்டுவிடுவார்கள். "வேட்டி எரியல, மடிப்பு ஒவ்வொண்ணும் தெரியுது, அங்க கை வைக்காதே" என்பது பாராட்டு மட்டுமில்லை, வேலை உத்தரவும்கூட. அடுத்த சுற்றில் அவர் அதைக் கெடுக்காமல் இருப்பார். ஒரு படத்துக்கு ஒரு திருத்தம், மிஞ்சினால் இரண்டு. ஏழு சொன்னால் அவர் ஏழையும் அரைகுறையாகச் செய்து எடுத்துக்கொண்டு வருவார்.

'கொஞ்சம் கலரா காட்டுங்க'

ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிமில் தொழில் கற்ற ஸ்டூடியோக்காரர் யாரிடமும் பேசிப் பாருங்கள். வாடிக்கையாளரிடமிருந்து அதிகம் கேட்ட கருத்து எது என்றால் சிரித்துவிட்டு இதைத்தான் சொல்வார். கறுப்பு வெள்ளைப் படத்தில் 'கலரா' காட்டச் சொல்லும் ஊர் நம்முடையது. நெகடிவில் பென்சில் வைத்துத் தேய்த்தார்கள் அன்று, ஆரஞ்சு ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளுகிறோம் இன்று.

கல்யாண வேலை செய்பவர் இந்தக் கருத்தைத் தட்டிக்கழிக்க முடியாது, பணம் தருபவர் சொல்கிறார். ஆனால் வாதம் செய்யவும் வேண்டாம். இரண்டு பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் வையுங்கள், ஒன்று உள்ளபடி, மற்றது அவர் கேட்டபடி. வெளுத்த முகத்தில் கன்ன எலும்பும் மூக்கின் சரிவும் கரைந்துபோய், முகம் அப்பளம்போலத் தட்டையாக இருக்கும். மூக்குத்தியின் ஒளிகூட எடுபடாது, அதைச் சுற்றி அதைவிடக் கறுப்பாக ஒன்றும் இல்லாததால். பெண்ணின் அம்மா எந்தப் பிரிண்டைக் கையில் எடுக்கிறார் என்று பேசாமல் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்குமேல் முதல் பிரிண்டைத்தான் எடுத்தார்கள். மீதிப்பேர் கேட்டதைக் கொடுத்துவிடுவேன். அது அவர்கள் வீட்டுச் சுவர்.

வாடிக்கையாளரை விடுங்கள், நாமே என்ன செய்கிறோம்? கறுத்த மனிதரின் முகத்தைக் கண்டதும் "ஃபேஸ் டார்க்கா இருக்கே, தூக்கு" என்று கை தானாகச் சொல்கிறது. நிறுத்துங்கள். அந்த முகம் 4-ல் இருக்கிறதா? அவர் நிஜத்திலும் அங்கேதான் இருக்கிறார். பார்க்க வேண்டியது முகம் எவ்வளவு கறுப்பு என்பதை அல்ல, அந்தக் கறுப்புக்குள் எத்தனை படி பிரிந்து தெரிகிறது என்பதை. நெற்றியின் வியர்வைப் பளபளப்பும் கண்ணுக்குக் கீழே உள்ள நிழலும் தனித்தனியாகத் தெரிந்தால் அந்தப் படத்தில் குறையே இல்லை. தெரியாவிட்டால் முகத்தைத் தூக்குவதைவிட, பின்னணியை மாற்றுவதும் வெளிச்சத்தைப் பக்கவாட்டுக்கு நகர்த்துவதும் மேல். இதைப் படம் எடுக்கப் போகுமுன் சொல்ல வேண்டும், எடுத்து வந்தபின் சொல்லிப் பயனில்லை.

வாங்கிக்கொள்ளும்போது

வாங்குபவருக்குத்தான் வேலை அதிகம். சொல்பவர்கள் எல்லாரும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வரப்போவதில்லை. 'ஒரு மாதிரி இருக்கு' என்றுதான் சொல்வார்கள். அதைப் பிழிந்து சாறெடுப்பது உங்கள் திறமை.

"பஞ்ச் இல்லை" என்றால் கேளுங்கள்: "கறுப்பு போதலையாண்ணே, வெள்ளை போதலையா, இல்ல நடுவுல எல்லாம் ஒட்டிக்கிச்சா?" மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. "அழுக்கா இருக்கு" என்றால் பெரும்பாலும் வெள்ளையாக இருக்க வேண்டியது 6-லும் 7-லும் மாட்டிக்கொண்டிருக்கிறது. "அடைச்சுக்கிச்சு" என்றால் நிழலில் விவரம் செத்துவிட்டது. "எச்டிஆர் மாதிரி இருக்கு" என்றால் கட்டட விளிம்பையும் மலை முகட்டையும் பாருங்கள், கிளாரிட்டியை அளவுக்குமேல் ஏற்றியதில் ஒரு வெள்ளை ஒளிவட்டம் ஓடிக்கொண்டிருக்கும். இதில் எதுவும் பிடிபடாவிட்டால் பென்சிலை நீட்டுங்கள்: "எந்த இடம்னு மட்டும் சுழிச்சுக் காட்டுங்க."

கதை சொல்லாதீர்கள். "அன்னிக்கு வெயில் கொளுத்துச்சு சார், தண்ணி டேங்க் மேல ஏறி எடுத்தேன்." ஏறியது படத்தில் தெரிகிறதா? பட்ட பாடு நமக்குப் படத்தை அழகாக்கிக் காட்டும், பார்ப்பவருக்கு அல்ல. கேரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிமை ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் கழுவாமலே வைத்திருப்பார், எடுத்த அன்றைய மனநிலை வடியட்டும் என்று. நமக்கு ஒரு வருடம் கட்டுபடியாகாது, டெட்லைன் ஆறு மணிக்கு. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம்.

மூன்று பேரிடம் காட்டினால் மூன்று மருந்து சொல்வார்கள். ஒருவர் மூலையை வெட்டு என்பார், ஒருவர் கறுப்பாக்கு என்பார், ஒருவர் மங்கலாக்கு என்பார். குழம்ப வேண்டாம். மூன்று விரலும் ஒரே மூலையைக் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். காட்டினால் நோய் அங்கே இருக்கிறது. மருந்தை நீங்களே முடிவு செய்யுங்கள், படம் உங்களுடையது.

எந்தத் திருத்தத்தையும் வேறொரு நகலில் செய்யுங்கள், தேதி போட்டு. ஆடம்ஸ் 1941-ல் ஹெர்னாண்டஸ் ஊரின் மேல் நிலா எழுவதை எடுத்தார். ஒரே நெகடிவிலிருந்து பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேல் பிரிண்ட் போட்டார். தொடக்ககாலப் பிரிண்ட்களில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும், வருடங்கள் ஏற ஏற வானம் கறுத்துக்கொண்டே போகும். தன் படத்தைப் பற்றித் தன் கருத்தையே அந்த மனிதர் அத்தனை முறை மாற்றிக்கொண்டார். நேற்றைய நகலை அழித்துவிட்டு நாளை எங்கே போய்த் தேடுவீர்கள்?

ஒப்புக்கொள்ள முடியாத கருத்தும் வரும். யூஜின் ஸ்மித் 1954-ல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் பற்றிய தன் படக்கட்டுரையை 'லைஃப்' பத்திரிகை வெளியிட்ட விதம் பிடிக்காமல் வேலையையே விட்டார். அவர் யூஜின் ஸ்மித். நமக்கு மாதம் பிறந்தால் வாடகை. "நீங்க சொன்னபடி ஒண்ணு, என் மனசுல இருந்தபடி ஒண்ணு, ரெண்டும் ஃபோல்டர்ல இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பக்கம் முடிக்கும் அவசரத்தில் எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சென்ற மாதம் ஓர் இளம் புகைப்படக்காரப் பெண் உப்பளத் தொழிலாளர் பற்றிய தொடரைக் கொண்டுவந்து காட்டினார். நான்காவது படத்தில், உப்புக் குவியலின் முன்னால் முதுகு காட்டி ஒருவர் நிற்கிறார். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது: "என்னமோ ஒட்டலயேம்மா."

அவர் பிரிண்டை என் பக்கம் திருப்பி, சிவப்புப் பென்சிலை மேலே வைத்தார். "எங்கன்னு சுழிச்சுக் கொடுங்க சார்."

பென்சிலை எடுத்தேன். முதுகைப் பார்த்தேன், குவியலைப் பார்த்தேன், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது இப்படியே போகட்டும்மா, அடுத்ததை எடு" என்றேன்.